பாய்லர்மேக்கர்ஸ்: எந்தக் கதையை நம்புவது?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்து பர்டியூ பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவர்கள் அணிக்கு ‘பாய்லர்மேக்கர்ஸ்’ என்ற பெயர் எப்படி வந்தது என்று வகுப்பில் பேச வேண்டுமாம். மோனான் ரயில்வே பணிமனையில் பாய்லர் (நீராவி என்ஜினின் கொதிகலன்) செய்த முரட்டு ஆட்களை மாணவர்கள் என்று சொல்லி ஆடவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். பத்திரிகை வைத்த பெயர் என்கிறார்கள் வேறு சிலர். எதைச் சொல்லலாம்? எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பத்திரிகைக் கதையைத் தைரியமாகச் சொல்லலாம், அதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது. 1891 அக்டோபரில் பர்டியூ அணி கிராஃபோர்ட்ஸ்வில் ஊருக்குப் போய், அங்குள்ள வபாஷ் கல்லூரியை அமெரிக்கக் கால்பந்தில் 44-0 என்று தோற்கடித்தது. சொந்த ஊரில் வாங்கிய அடி பொறுக்காமல், அந்த ஊர் நாளிதழ் ‘அப்பாவிகள் படுகொலை’ என்று தலைப்புப் போட்டது. கூடவே பர்டியூ ஆட்டக்காரர்களைத் தடித்தடியான பாய்லர் மேக்கர்கள் என்று ஏசியது. பர்டியூவுக்குப் பக்கத்து ஊரான லாஃபயெட்டின் பத்திரிகை சில நாளில் அந்த வசைகளை எடுத்துப்போட்டுக் கேலி செய்தது. மாணவர்களுக்கோ வசை பிடித்துப்போய்விட்டது.

அந்த ஏச்சில் தொழில் இளக்காரம் இருந்ததை உங்கள் மகன் விட்டுவிடக் கூடாது. வபாஷ் கலைப்பாடங்களுக்குப் பேர்போன கல்லூரி. பர்டியூவிலோ பொறியியல் மாணவர்கள் உலைக்களத்தில் இறங்கிச் சம்மட்டி பிடித்தார்கள். அதே 1891-இல் ஆய்வகத்துக்கு ஒரு நிஜ நீராவி ரயில் என்ஜினையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கரி படிந்த அந்தக் கைகளைக் காட்டி வபாஷ் பக்கத்தார் ஏளனம் செய்தார்கள். பர்டியூ பையன்கள் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பணிமனைக் கதை தேதியிலேயே அடிபடுகிறது. லாஃபயெட்டில் மோனான் பணிமனை வந்தது 1895-இல்; வசை அச்சானது 1891-இல். வெளியாட்களை இறக்கி ஆடினார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் காலக் கல்லூரி ஆட்டங்களில் சகஜம் என்பதால் கதை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சரிபார்க்க, ‘ஹூசியர் ஸ்டேட் க்ரோனிக்கிள்ஸ்’ என்ற இணையக் காப்பகத்தில் இண்டியானாவின் பழைய நாளிதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அன்று ‘பாய்லர் மேக்கர்ஸ்’ என்று இரண்டு சொல்லாகப் பிரித்தும் எழுதினார்கள். இரண்டு விதமாகவும் தேடச் சொல்லுங்கள். ஆட்டத்தின் தேதியை ஒட்டி முன்னும் பின்னும் சில வாரங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினால் இன்னும் நல்லது. மங்கிய அச்சைக் கணினி பல சமயம் தப்பாகப் படிப்பதால் தேடலில் சிக்காமல் போகும்.

இன்னொன்று: பெயர் பிறந்த தேதியும் நிர்வாகம் ஏற்ற தேதியும் வேறு வேறு. அதே மாநிலத்து நோட்ர டாம் பல்கலைக்கழகம் ‘ஃபைட்டிங் ஐரிஷ்’ என்ற தன் அணிப் பெயரை முறைப்படி ஏற்றது 1927-இல்தான்; அதற்குப் பல ஆண்டு முன்பே அது புழக்கத்தில் இருந்தது. எனவே ‘1891-இல் பர்டியூ இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது’ என்று எழுத வேண்டாம். ‘1891-இல் கிராஃபோர்ட்ஸ்வில் நாளிதழில் அச்சானது’ என்று எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தையும் காட்டச் சொல்லுங்கள்.