வாசகர் கேள்வி – பதில்: நார்த்தங்காய் நீர் விடுவது ஏன்?

செல்லைப் பற்றி வந்திருந்த கேள்விகளில் ஐந்தை இம்மாதம் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் செல் என்றதும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் என்று படம் வரைந்து பெயர் குறிக்கச் சொல்கிறோம். அவற்றையெல்லாம் சூழ்ந்திருக்கும் சவ்வை ஒரு கோடாக இழுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். செல்லைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கேள்விகளும் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

கேள்வி: நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து ஜாடியில் போட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே மறுநாள் அடியில் நீர் நிற்கிறது. இந்த நீர் எங்கிருந்து வருகிறது? உப்பிட்ட காய் மட்டும் கெடாமல் இருப்பது எப்படி?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்த நீர் முழுவதும் காயின் செல்களுக்குள் இருந்த நீர்தான், அம்மா. தாவரச் செல்லுக்கு வெளிப்புறத்தில் செல்லுலோஸால் ஆன சுவர் இருக்கிறது. அதை ஒட்டி உட்புறத்தில் சவ்வு. நடுவே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு வாக்குவோல் என்னும் நீர்ப்பை. சுவர் நீரையும் தடுப்பதில்லை, உப்பையும் தடுப்பதில்லை. சவ்வு அப்படிப்பட்டதன்று. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அணிவகுத்து உருவாக்கும் அதன் தடிமன் ஏழெட்டு நானோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அது நீரைத் தாராளமாக விடுகிறது, உப்பை எளிதில் விடுவதில்லை. உப்பு வெளியே மிகுந்திருக்கும்போது, உப்பு உள்ளே போய்ச் சமன் செய்ய வழியில்லாததால், நீர் வெளியே வந்து சமன் செய்ய முயல்கிறது. சவ்வூடு பரவல் என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

இதைக் கண்ணால் காண விரும்பினால், பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நுண்ணோக்கி இருக்குமானால் ஒரு வெங்காயம் போதும். ஊதா நிறமுள்ள சதையின் மேல்தோலை மெல்லியதாக உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், செங்கல் அடுக்கிய வரிசைபோல ஒவ்வொரு செல்லும் ஓரம்வரை ஊதா நிறம் நிரம்பித் தெரியும். ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருந்தால், சுவர் இருந்த இடத்திலேயே நிற்க, ஊதாப் பகுதி மட்டும் சுருங்கி, மூலைகளிலிருந்து விலகி, நடுவில் ஒரு திரளாக ஒடுங்குவதைக் காணலாம். உடனே நல்ல தண்ணீரை விட்டால் அது மீண்டும் விரிந்து சுவரைத் தொடும். அப்படி விரிந்தால் சவ்வு உயிரோடு இருக்கிறது என்று பொருள். நீண்ட நேரம் உப்பில் கிடந்த செல்லின் சவ்வு சிதைந்துவிடும். அதன் பிறகே உப்பு சதைக்குள் முழுதாக இறங்குகிறது. நார்த்தங்காயை நாள்தோறும் குலுக்கிவிட்டுப் பல நாள் ஊறவைப்பதன் பயன் இதுதான்.

கொழுப்பாலான சவ்வை நீர் இவ்வளவு வேகமாகக் கடப்பது எப்படி என்பது விஞ்ஞானிகளையே வெகுகாலம் குழப்பிய கேள்வி. அமெரிக்காவின் பீட்டர் அக்ரே 1992-இல் அதற்கு ஐயமற்ற விடை கண்டார். தவளை முட்டைச் செல் இயல்பில் நீரை எளிதாக உள்ளே விடாது. சிவப்பணுச் சவ்வில் தாம் கண்டெடுத்த ஒரு புரதத்தை அந்த முட்டைகளில் உருவாகச் செய்து, அவற்றை உப்புச் செறிவு குறைந்த நீரில் அவர் குழுவினர் இட்டார்கள். அந்த முட்டைகள் உப்பி வெடித்தன, மற்றவை அப்படியே இருந்தன. அக்குவாபோரின் என்னும் அந்தப் புரதம் நீர் மட்டுமே நுழையும் வாயில். அக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கெடாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. காயை அழுகச் செய்யும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் செல்கள்தாம். உப்பு அவற்றின் நீரையும் இழுத்துவிடுவதால் அவை பெருக முடிவதில்லை. உப்புக் குறைந்தால் மேலே வெள்ளைப் படலம் படர்வதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். எல்லா உயிரும் உப்புக்குத் தோற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உப்பளப் பாத்திகளில் நீர் வற்ற வற்ற இளஞ்சிவப்பாக மாறுவதற்குக் காரணமான உயிர்களில் டுனாலியெல்லா என்னும் பாசியும் ஒன்று. அதற்குக் கெட்டியான செல் சுவர்கூட இல்லை. வெளியே உப்பு ஏற ஏற, தனக்குள் கிளிசராலைச் செய்து குவித்து, நீர் வெளியேறாதபடி செறிவைச் சமன் செய்துகொள்கிறது.

கேள்வி: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பும் சீனியும் கலந்த நீர் கொடுக்கச் சொல்கிறார்கள். போனது நீரும் உப்பும் என்றால் சீனி எதற்கு? தெம்புக்காகவா?
– இளம் தாய், நாங்குநேரி

பதில்: தெம்புக்காக அன்று, உப்பை உள்ளே அழைத்துச் செல்வதற்காக. சிறுகுடலின் உட்புறச் செல்களின் சவ்வில் ஒரு கடத்துப் புரதம் இருக்கிறது. அது இரண்டு சோடியம் அயனிகளும் (உப்பிலிருந்து வருபவை) ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் (சீனி குடலில் பிரிந்து கிடைப்பது) ஒன்றாக வந்தால்தான் அவற்றை உள்ளே கொண்டுபோகும். சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போனால், மேலே சொன்ன சவ்வூடு பரவலின்படி நீரும் பின்தொடரும். காலராவில் கிருமியின் நச்சு குடற்செல்களின் குளோரைடு வாயில்களைத் திறந்துவிட, நீர் குடலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழையும் வழியை அந்த நச்சு அடைப்பதில்லை. வெறும் தண்ணீரையோ உப்புநீரையோ கொடுத்தால் அந்த வழி பயன்படாமல் கிடக்கும்.

இப்படி இரண்டும் சேர்ந்தே நுழையும் இணைக் கடத்தலை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் முன்வைத்தார். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரே குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். முப்பது சதவீதம் அளவில் இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. செல் சவ்வைப் பற்றிய ஓர் அறிவு இவ்வளவு மலிவாக இத்தனை உயிர்களைக் காத்ததற்கு இணையான வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

அளவில் கண்டிப்பு வேண்டும், அம்மா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது, அதில் பொட்டாசியமும் சேர்ந்திருக்கிறது. பொட்டலத்தில் குறித்த அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். அது கிடைக்கும்வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். இனிப்பு கூடட்டும் என்று சீனியை அள்ளிப் போட்டால், அது குடலுக்குள் நின்று செல்களிலிருந்து நீரை இழுத்துப் போக்கை மிகுதியாக்கும்; கடைக் குளிர்பானம் ஆகாது என்பதற்கும் காரணம் இதுவே. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. மாவுச்சத்து சிறிது சிறிதாகக் குளுக்கோஸாகப் பிரிவதால் அந்த ஆபத்து அதில் இல்லை. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுந்தாலும், சிறுநீர் போகாவிட்டாலும், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். சோதனைக்கு முந்தின இரண்டு நாள் பத்தியம் இருந்தாலும் மூன்று மாதச் சராசரிச் சோதனை காட்டிக்கொடுத்துவிடுகிறது. இரத்தம் மூன்று மாதத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஊழியர், தென்காசி

பதில்: சிவப்பணுவின் ஆயுள்தான் அந்த நினைவு. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணு, முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, மைட்டோகாண்ட்ரியாவையும் இழக்கிறது. மிஞ்சுவது ஹீமோகுளோபின் நிரம்பிய, ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள, நடுவில் குழிந்த வட்டு. புதிய புரதம் செய்ய வழியில்லாத அந்தச் செல் ஏறத்தாழ 120 நாள் உழைத்து, பிறகு மண்ணீரலிலும் ஈரலிலும் அழிக்கப்படுகிறது. நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன.

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் தாராளமாக நுழைய இன்சுலின் வேண்டும். சிவப்பணுவின் சவ்வில் உள்ள குளுக்கோஸ் வாயில் இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதன் உள்ளேயும் ஏறும். ஏறிய குளுக்கோஸில் ஒரு பகுதி ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும், அந்தச் செல் அழியும்வரை பெரும்பாலும் விலகாது. ஒட்டிய பங்கு எத்தனை சதவீதம் என்பதைத்தான் ஹெச்பிஏ1சி சோதனை அளக்கிறது. 5.7-க்குக் கீழ் இயல்பு; 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். கடைசி ஒரு மாதத்தின் பங்கு அந்த எண்ணில் கூடுதலாக இருக்கும், ஆனால் இரண்டு நாள் பத்தியம் அதை அசைக்காது. இரத்தச்சோகை உள்ளவர்களும், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிவப்பணுக்களின் வயது மாறினால் அந்த எண்ணும் தவறான செய்தியைத் தரும்.

கேள்வி: நாம் ஒரு வேலையும் செய்யாமல் தூங்கும்போதும் உடல் ஆற்றலைச் செலவழிக்கிறதே, அது எதற்கு?
– பிளஸ் ஒன் மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, இதயமும் மூச்சும் செய்யும் வேலை உனக்கே தெரியும். தெரியாத பெருஞ்செலவு சவ்வில் நடக்கிறது. செல்லுக்குள் சோடியம் குறைவாகவும் பொட்டாசியம் மிகுதியாகவும் இருக்க வேண்டும். வெளியே அதற்கு நேர்மாறு. சவ்வில் கசிவு இருந்துகொண்டே இருப்பதால், ஒரு புரதப் பம்பு ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் இதைக் கண்டு சொன்னார். நாற்பது ஆண்டு கழித்து 1997-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதற்கு இந்தப் பம்பே முதன்மையான காரணம். இந்தப் பம்பு நின்றால் நரம்பில் செய்தி ஓடாது, செல் நீரேறி வீங்கும். மேலே நாங்குநேரித் தாய்க்குச் சொன்ன குடற்கடத்தலும் நின்றுவிடும், ஏனெனில் சோடியம் உள்ளே பாய்வது, பம்பு அதை உள்ளே குறைவாக வைத்திருப்பதால்தான்.

கேள்வி: இந்தத் தடவை திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்கி நடலாம் என்று இருக்கிறேன். சிறு துணுக்கிலிருந்து முழு வாழை வருமானால், ஆட்டின் சதைத் துணுக்கிலிருந்து ஆடு ஏன் வருவதில்லை? ஏத்தன் வாழைக்கு இந்தக் கன்றை நம்பலாமா?
– விவசாயி, களக்காடு

பதில்: ஒரு செல்லிலிருந்து முழுச் செடி வருமா என்ற கேள்வியைத்தான் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் 1902-இல் எழுப்பினார். வாழையின் இலைச் செல்லிலும் கிழங்குச் செல்லிலும் முழு வாழைக்கும் வேண்டிய மரபுச் செய்தி இருக்கிறது. இலைச் செல் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் பயன்படுத்துகிறது. 1958-இல் ஸ்டூவர்ட் குழுவினர், கேரட் கிழங்கின் முதிர்ந்த செல்களை இளநீர் கலந்த ஊட்டத்தில் வளர்த்து முழுச் செடியாக்கிக் காட்டினார்கள். இளநீர் என்பது தென்னங்கருவை ஊட்டி வளர்க்கவே உண்டான திரவம். செல்லைப் பிரியத் தூண்டும் சைட்டோகைனின் அதில் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டே ஸ்கூக், மில்லர் இருவரும், சைட்டோகைனின் மிகுந்தால் தளிரும் ஆக்சின் என்னும் மற்றொரு வளர்ச்சி ஊக்கி மிகுந்தால் வேரும் எழும் என்று புகையிலைத் திசுவில் கண்டிருந்தார்கள். கன்று தயாரிக்கும் ஆய்வகங்கள் இன்றும் இந்த விகிதத்தைக் கொண்டே முதலில் தளிரையும் பிறகு வேரையும் வரவைக்கின்றன.

ஆட்டின் சதைச் செல்லிலும் செய்தி அழிந்துவிடவில்லை. பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜான் கர்டன், தவளைக் குஞ்சின் குடற்செல்லின் உட்கருவை, உட்கரு அழிக்கப்பட்ட முட்டையில் வைத்து உயிருள்ள குஞ்சுகளை வளர்த்ததை 1962-இல் வெளியிட்டார். 1996-இல் பிறந்த டாலி என்னும் செம்மறியாடு, வளர்ந்த ஆட்டின் மடிச் செல்லிலிருந்து எடுத்த உட்கருவால் உண்டானது. அதற்கு 277 கருக்களைச் செய்து பார்க்க வேண்டியிருந்தது. விலங்குச் செல் ஒருமுறை தன் தொழிலை ஏற்றுக்கொண்டால் ஊட்டத்தை மாற்றியதும் பின்திரும்புவதில்லை. முட்டையின் உட்பொருள்தான் அதைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகிறது. பிறகு அது வளரக் கருப்பையும் வேண்டும்.

கன்றை நம்பலாம், கேட்டு வாங்கினால். வாழைத் திசு பெரும்பாலும் கன்றின் வளர்நுனியிலிருந்து எடுக்கப்படுகிறது. கிழங்கோடு வரும் நூற்புழுவும் கூன்வண்டும் இதில் வருவதில்லை என்பது பெரிய நன்மை. வைரஸ் அப்படியன்று, தாய்மரத்தில் முடிக்கொத்து நோய் வைரஸ் இருந்தால் ஆயிரம் கன்றிலும் அது போகக்கூடும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் திட்டம் நடத்துகிறது; வைரஸ் சோதனை செய்த சான்று இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் விலை குறைவென்று வாங்க வேண்டாம். ஒரே துணுக்கை மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போனால் வேறுபட்ட கன்றுகள் தோன்றும். ஆகவே மிகக் குட்டையாகவும் இலை கோணலாகவும் வெளிறிய கீற்றோடும் இருப்பவற்றை நடும்போதே கழித்துவிடுங்கள். இந்தக் கன்றுக்கு நோய் எதிர்ப்பு எதுவும் தனியாக வந்துவிடாது. பனாமா வாடல் நோயின் பூஞ்சை மண்ணிலேயே தங்கியிருப்பது, முடிக்கொத்து வைரஸை அடுத்த வயலிலிருந்தும் வாழை அசுவினிப் பூச்சி கொண்டுவரும். ஆகவே குருத்து குறுகி, இலைகள் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் வாழையைக் கண்டால், முதலில் அசுவினிக்கு மருந்தடித்துவிட்டு, கிழங்கோடும் பக்கக் கன்றுகளோடும் தோண்டி எடுத்து அழித்துவிட வேண்டும்.