கிட்னித் தொற்றிலிருந்து வீடு திரும்பிய 12 வயது நாய்: எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: 3 வருடங்களுக்கு முன்பு ஒரு காப்பகத்திலிருந்து ராணியைத் தத்தெடுத்தோம். இப்போது 12 வயது இருக்கும் என்கிறார்கள். எடை 20 கிலோ, கருத்தடை ஆனவள். போன மாதம் சிறுநீரில் ரத்தம் வந்தது, அப்புறம் காய்ச்சல், வாந்தி. ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகி வந்த சிறுநீரகத்தில் இப்போது தொற்றும் சேர்ந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். சேர்த்தபோது ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 6.8. 5 நாள் டிரிப்ஸ் ஏற்றியபின் 3.4-க்கு இறங்கியது. ஆன்டிபயாடிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறாள், ராத்திரி படுக்கையை நனைக்கிறாள். இடுப்புக்கு மேலே தொட்டால் உறுமுகிறாள். இரவில் தண்ணீரை எடுத்துவிடலாமா? வெளியே படுக்க வைக்கச் சொல்கிறார்கள் வீட்டில். நாங்கள் அவளை வீணாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்திருந்தால் உடனே அதே இடத்தில் திரும்ப வையுங்கள். கூடவே இன்னொன்றை அவள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நல்ல சிறுநீரகம், வடிகட்டிய நீரில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, கழிவை மட்டும் கெட்டியான சிறுநீராக வெளியே அனுப்பும். ராணியின் சிறுநீரகத்தால் அது முடியவில்லை. ஒரே அளவு கழிவை வெளியேற்ற அதற்கு நிறையத் தண்ணீர் தேவைப்படுகிறது. அவள் குடிப்பதால் போகவில்லை, போவதால் குடிக்கிறாள். கிண்ணத்தை எடுத்துவிட்டாலும் சிறுநீர் வருவது நிற்காது. அந்தத் தண்ணீர் அவள் உடம்பிலிருந்து போகும். விடிவதற்குள் உடல் வறண்டு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து, மிச்சமிருப்பதும் அடிபடும். 5 நாள் டிரிப்ஸில் சேர்த்ததை ஒரே ராத்திரியில் இழக்க வேண்டாம். படுக்கை நனைகிறதே என்று அன்போடு, அக்கறையோடு தண்ணீரை எடுத்துவைத்தவர்களின் நாய்களைத் திரும்ப டிரிப்ஸில் போட்டிருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படுக்கை எப்படி நனைகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு நாய் அசந்து தூங்கும்போதே கசிந்து, எழுந்த பிறகுதான் ஈரத்தைப் பார்க்கும். இன்னொன்று எழுந்துவிடும், ஆனால் கதவு வரை போவதற்குள் விட்டுவிடும். மூன்றாவது, அடிக்கடி உட்கார்ந்து முக்கி, சொட்டுச் சொட்டாகப் போகும். பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் காரணம் வேறு. தூக்கத்தில் கசிவது கருத்தடை ஆன வயதான பெண் நாய்களுக்குச் சாதாரணமாக வருவது. சிறுநீர்ப் பாதையின் வாய்த் தசை தளர்ந்துபோவதுதான் காரணம், அதற்கு மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்துகளில் ஒன்று ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. சிறுநீரகம் பழுதான நாய்க்கு அழுத்தத்தை அளந்து பார்க்காமல் அதைத் தொடங்கக்கூடாது. கதவு வரை போக முடியாததற்கு அளவுக்கு மீறி நிரம்பும் சிறுநீர்ப்பை காரணமாக இருக்கலாம், மூட்டுவலியும் காரணமாக இருக்கலாம். இரவு 11-க்கு ஒருமுறை, விடியற்காலை 4-க்கு ஒருமுறை எழுப்பி வெளியே கூட்டிப்போனாலே பாதி சரியாகும். முக்கி முக்கிச் சொட்டாகப் போனால் தொற்று இன்னும் போகவில்லை, அல்லது கல்லோ கட்டியோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். டாக்டரிடம் “படுக்கையை நனைக்கிறாள்” என்று மட்டும் சொல்லாமல் எந்த விதம் என்றும் சொல்லுங்கள். போனில் ஒரு வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

ஒரு நோட்டு போடுங்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவற்றில் மிகவும் பயனுள்ள வேலை இதுதான் என்பேன். காலையில் கிண்ணங்களில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் காலை மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஆரோக்கியமான நாய் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி குடிக்கும், அதாவது ராணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அவள் கணக்கில் 2 லிட்டர், அதை அதிகம் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். அவளுக்கு அந்த அளவு வரலாம், பயப்பட வேண்டாம். 2 லிட்டர் குடித்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் திடீரென்று அரை லிட்டர்தான் குடித்தாள் என்றால்தான் பயப்பட வேண்டும். சிறுநீரையும் அளக்கலாம். படுக்கையில் விரிக்கும் உறிஞ்சு விரிப்பைக் காய்ந்திருக்கும்போது ஒருமுறை, நனைந்தபின் ஒருமுறை எடை போடுங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். வாரம் இரண்டு முறை ராணியின் எடையையும் எழுதுங்கள். இரண்டே நாளில் ஒரு கிலோ குறைந்தால் அது கொழுப்பு கரைந்ததல்ல, தண்ணீர் போனது.

கிரியாட்டினினைப் பற்றி. 6.8-லிருந்து 3.4-க்கு வந்தது நல்ல செய்திதான். ஆனால் 3.4 என்பதை அவளுடைய நிரந்தர எண்ணாக இப்போதே எடுத்துக்கொள்ளாதீர்கள். தொற்று ஆறி, உடம்பு ஒரு நிலைக்கு வந்தபின் இரண்டு மூன்று வாரம் கழித்து எடுப்பதுதான் அவள் உண்மையில் எங்கே நிற்கிறாள் என்று சொல்லும். இன்னொன்று, கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. சாப்பிடாமல் தசை கரைந்துபோன கிழ நாய்க்கு அந்த எண் தானாகவே குறைவாகக் காட்டும். எண் இறங்கியதாம், ஆனால் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது என்றால், எண்ணை விட முதுகெலும்பை நம்புங்கள்.

ஆன்டிபயாடிக்கை எழுதிக்கொடுத்த கடைசி நாள் வரை கொடுங்கள். சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு முன்பு 4 முதல் 6 வாரம் கொடுத்தோம். 2019-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 10 முதல் 14 நாள் என்கிறது. உங்கள் டாக்டர் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், சிறுநீர் தெளிந்துவிட்டதே என்று 6-ஆம் நாள் நிறுத்தாதீர்கள். மருந்து முடிந்து ஒன்று இரண்டு வாரத்தில் சிறுநீர் கல்ச்சரும் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிரியாட்டினினும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். கல்ச்சருக்கு, ஸ்கேன் பார்த்தபடி ஊசி மூலம் நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பதே சரியான முறை. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் ரத்தம் எடுக்கும் ஊசி அளவுக்குத்தான் வலி. கீழே விழுந்ததைப் பிடித்துக்கொண்டுபோனால் வெளியில் இருக்கும் கிருமியும் சேர்ந்து வளர்ந்து குழப்பும். கல் இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்தார்களா என்பதையும் கேளுங்கள். உள்ளே ஒரு கல் இருந்தால் கிருமி அதற்குள் ஒளிந்துகொண்டு, மருந்து நின்றதும் திரும்ப வரும்.

இனி சாப்பாடு. இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. அவள் சாப்பிடாததற்குப் பிடிவாதம் காரணமில்லை, குமட்டல். ரத்தத்தில் சேர்ந்த கழிவு வயிற்றைப் புரட்டுகிறது. உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறாளா, எச்சில் வடிகிறதா, முகர்ந்து பார்த்துவிட்டு விழுங்குவதுபோல் செய்கிறாளா என்று பாருங்கள். அப்படியானால் முதலில் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். மரோபிடன்ட், ஒன்டான்செட்ரான் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. வயிறு அடங்கியபின் பசியைத் தூண்டும் மருந்தும் உண்டு.

கிட்னி நாய்களுக்கென்று பாஸ்பரஸ் குறைத்த உணவை டாக்டர் எழுதியிருப்பார். அது அவளுடைய ஆயுளை நீட்டக்கூடியது, சந்தேகமில்லை. ஆனால் குமட்டலோடு இருக்கும்போது அதை அவள் முன்னால் வைக்காதீர்கள். வயிறு புரண்டபோது வாயில் வைத்த உணவை நாய் மறப்பதில்லை. அப்புறம் உடம்பு தேறினாலும் அந்த உணவை அது தொடாது. இப்போதைக்கு அவளுக்குப் பிடித்த, உப்பில்லாத ஏதாவது சாப்பிடட்டும். பட்டினியை விட அது மேல். நாலைந்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டபின், பழைய உணவில் கிட்னி உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒன்று இரண்டு வாரத்தில் மாற்றுங்கள். இதே காரணத்துக்காக மாத்திரையையும் அந்த உணவுக்குள் ஒளிக்காதீர்கள். வேறு ஏதாவது ஒரு சின்னத் துண்டில் வைத்துக் கொடுங்கள். உணவை லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும்பும். ஒரே தட்டாக வைக்காமல் நாளுக்கு நாலைந்து முறை கைப்பிடி அளவு கொடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை எதிலும் வேண்டாம். சிரிஞ்சில் வலுக்கட்டாயமாக ஊட்டவும் வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, உங்களைப் பார்த்தாலே ஒதுங்கவும் ஆரம்பிப்பாள். 3 நாள் தொடர்ந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் உணவுக் குழாய் வைக்கலாமா என்று டாக்டரிடம் பேசுங்கள். அது கடைசிக் கட்டச் சிகிச்சை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சாப்பாடும் மருந்தும் சண்டையில்லாமல் உள்ளே போக ஒரு வழி, அவ்வளவுதான்.

உறுமலுக்கு வருவோம். சிறுநீரகங்கள் கடைசி விலா எலும்பை ஒட்டி முதுகுப் பக்கம் இருக்கின்றன. தொற்று வந்தால் வீங்கும், அங்கே தொட்டால் வலிக்கும். தூக்கும்போது வயிற்றுக்குக் கீழே கைகொடுத்தால் நிரம்பிய சிறுநீர்ப்பை வேறு அமுங்கும். ஒரு கையை நெஞ்சுக்கு முன்னாலும் இன்னொன்றைத் தொடைகளுக்குப் பின்னாலும் கொடுத்து அணைத்தபடி தூக்குங்கள். உறுமினால் திட்டாதீர்கள். உறுமல் அவள் உங்களுக்குத் தரும் எச்சரிக்கை. அதற்காகத் திட்டு வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கும்.

காப்பகத்திலிருந்து வந்த நாய் வேறு. உங்களிடம் வருவதற்கு முன்னால் 9 வருடம் அவளை யார், எப்படித் தொட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த 3 வருடத்தில் நீங்கள் சேர்த்த நம்பிக்கையைச் சிகிச்சை என்ற பெயரில் செலவழித்துவிடக்கூடாது. அதனால் அவள் படுக்கையில் எந்த மருந்தும், ஊசியும், துடைப்பும் வேண்டாம். ஒரு தனிப் பாய் போடுங்கள். மருந்து, வெப்பம் பார்ப்பது, சுத்தம் செய்வது எல்லாம் அந்தப் பாயில் மட்டும். முடிந்ததும் அவளுக்குப் பிடித்த ஒன்று. படுக்கைக்குப் போய்விட்டால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே போகும்போதும் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, வேறு பக்கம் பார்த்து நில்லுங்கள். இப்படிப்பட்ட நாய்கள் சில, ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் சிறுநீரை அடக்கிக்கொள்ளும். தொற்று உள்ள சிறுநீர்ப்பையில் அடங்கிக் கிடக்கும் சிறுநீர் கிருமிக்குத்தான் வசதி.

ஈரத்தில் கிடக்கும் தோல் சீக்கிரம் வெந்து புண்ணாகும். வாலடியிலும் தொடையின் உள்பக்கமும் இருக்கும் முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். நனைந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பைப் பூசிவிடாதீர்கள். நக்கி விழுங்கினால் நாய்க்கு விஷம். அப்புறம், எலிக்காய்ச்சல் இல்லை என்று டாக்டர் உறுதி செய்தாரா என்று கேளுங்கள். லெப்டோஸ்பைரா கிருமி நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். அது தெரியும் வரை கையுறை போட்டே துடையுங்கள். பிளீச் போடுவதாக இருந்தால், சிறுநீரைத் தண்ணீர் விட்டு முழுக்கக் கழுவியபின் போடுங்கள். சிறுநீரோடு பிளீச் கலந்தால் மூச்சைத் திணறடிக்கும் ஆவி கிளம்பும்.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். மூட்டுவலிக்கு முன்பு ராணிக்கே எழுதிக்கொடுத்த மெலாக்சிகாம் மிச்சம் இருந்தாலும் அதுவும் வேண்டாம். சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை அது குறைக்கும். இவளுக்குப் பாதுகாப்பான வலி மருந்துகள் வேறு இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

12 மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, அல்லது முக்கியும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். தொடர் வாந்தி, கறுப்பு மலம், வலிப்பு, எழ முடியாத சோர்வு ஆகியவற்றுக்கும் அப்படியே. வீட்டில் தோலுக்கடியில் சலைன் ஏற்றச் சொல்லியிருந்தால், அவள் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே போனால் சலைனை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள்.

வீணாக இழுத்துப் பிடிக்கிறீர்களா என்று கேட்டீர்கள். இன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண் பாதியாக இறங்கியிருக்கிறது, தண்ணீர் தேடிப் போகிறாள், வலித்தால் சொல்கிறாள். இது விட்டுக்கொடுத்த நாய் அல்ல. ஆனாலும் கேள்வி நியாயமானது, அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் ராணி தினமும் விரும்பிச் செய்த மூன்று காரியங்களை இப்போதே எழுதிவையுங்கள். வாசலுக்கு ஓடி வருவது, ஒரு குறிப்பிட்ட மூலையில் வெயில் காய்வது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு இரவும் அந்த நாள் அவளுக்கு நல்ல நாளா, கெட்ட நாளா என்று ஒரே வார்த்தை எழுதுங்கள். கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சத் தொடங்கி, மருந்தை மாற்றியும் அது திரும்பவில்லை, அந்த மூன்றில் ஒன்றைக்கூட அவள் செய்வதில்லை என்றால், அன்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். வலியில்லாமல் போக விடுவதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. அதைக் கேட்பதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

வெளியே படுக்க வைக்க வேண்டாம். எடை குறைந்த நோயாளி நாய்க்குக் குளிர் தாங்காது. அவள் வாந்தி எடுத்தாலும், எழ முடியாமல் தவித்தாலும் உங்களுக்குக் கேட்காது. ஒருமுறை யாருமில்லாமல் இருந்தவளுக்குக் கதவு சாத்தும் சத்தம் என்னவாகத் தோன்றும் என்றும் நினைத்துப் பாருங்கள். நாற்றம்தான் பிரச்சினை என்றால் நீர் இறங்காத விரிப்பு ஒன்றும், துவைத்து மாற்ற நாலு பழைய போர்வையும் போதும். எழுந்து கதவுப் பக்கம் போகிற வழியில் தரை வழுக்காமல் ஏதாவது விரித்து, ஒரு சின்ன விளக்கைப் போட்டு வையுங்கள். அவள் எழுந்திருக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள்.