சேவல் கத்தும், கதவை நீங்கள்தான் பூட்ட வேண்டும்

போன மாதம் நாட்டுக்கோழிக்குத் தீவனம் பற்றி எழுதினேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தீவனத்தைப் பற்றியே இல்லை, சேவலைப் பற்றித்தான். ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாலிக் பூலாவில் பத்துப் பெட்டைகளைத் தோப்பில் மேய விடுகிறேன். இரண்டு மாதத்தில் மூன்றைக் காணோம். "நல்ல சேவல் ஒன்றை விடும்மா, அது பார்த்துக்கொள்ளும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. விடட்டுமா?
*(பினாங்கு, பாலிக் பூலா வாசகி)*

விடுங்கள். ஆனால் பாட்டி சொன்னதில் பாதிதான் சரி. சேவல் காவல்காரன் இல்லை, ஆபத்து வந்தால் சங்கு ஊதுகிறவன்.

நிபோங் தெபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. அங்கே என் செவலைச் சேவலை மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். பெட்டைகள் குனிந்து மண்ணைக் கிளறும்போது அவன் கால்வாசி நேரம்கூடக் குனிய மாட்டான். திடீரென்று தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்ப்பான். தொண்டையிலிருந்து மெல்லிசாக, நீளமாக ஒரு "கீஈஈ" வரும். பெட்டைகள் சொல்லி வைத்ததுபோல வாழைக்கன்றுகளுக்கு அடியில் பதுங்கிவிடும். பருந்தின் நிழல் அதற்கு அப்புறம்தான் முற்றத்தில் விழும்.

நாயோ உடும்போ தரையில் வந்தால் சத்தமே வேறு. "கொக்-கொக்-கொக்கேக்" என்று விட்டுவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி. அதைக் கேட்ட பெட்டைகள் பதுங்காது. கழுத்தை நீட்டி நின்று எங்கே ஆபத்து என்று தேடும். வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என இரண்டு குரல் உண்டு என்பதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். சேவலின் தலைக்கு மேல் திரையில் பருந்து பறப்பதுபோல் படம் ஓட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் பெட்டை இருந்தால் கத்துகிறது, தனியாக இருந்தால் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. இன்னொன்று, தான் மறைவில் நிற்கும்போது கொஞ்சம் நீளமாகவே கத்துகிறது. வீரன்தான், விவரமும் தெரிந்தவன்!

சண்டை என்று வந்தால்? சின்ன உடும்பை, பூனையை விரட்டுவான். காக்கையைக் கிட்ட விட மாட்டான். தெருநாய்க் கூட்டத்திடம் கதை வேறு. மூன்று வருஷத்துக்கு முன்பு வேலிச் சந்து வழியாக நான்கு நாய்கள் புகுந்தன. நான் குச்சியோடு ஓடி வந்தபோது ஏழு பெட்டைகளும் கொட்டகைக் கூரைமேல் இருந்தன. செவலை முற்றத்தில் கிடந்தான். பெட்டைகளுக்கு நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

உங்கள் மூன்று கோழிகள் விஷயத்துக்கு வருவோம். பகலில் போனதா, இரவிலா என்று எழுதவில்லையே! இறகுகூட இல்லாமல் காணாமல் போயிருந்தால் மலைப்பாம்பைச் சந்தேகப்படுங்கள். பல கோழிகள் செத்து, தின்னப்படாமல் கிடந்தால் அநேகமாக நாய். முட்டை மட்டும் ஓடுகூட மிச்சமில்லாமல் மறைந்தால் உடும்பாகவோ பாம்பாகவோ இருக்கும். திருடன் யார் என்று தெரியாமல் சேவல் வாங்கி என்ன பயன்?

இரவில் கூண்டுக்குள் சேவலும் இருந்தது. அப்படியும் மூசாங் (மரநாய்) வந்து இரண்டு பெட்டைகளைக் கொன்றுவிட்டது. என் சேவல் சோம்பேறியா?
*(புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)*

பாவம், அதைத் திட்டாதீர்கள். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது, சேவலுக்கும் தெரியாது. பரணில் ஏறி உட்கார்ந்தால் விடியும்வரை அது ஒரு சாக்கு மூட்டைதான். மூசாங் வேட்டைக்குக் கிளம்புவதோ இருட்டிய பிறகு. மலைப்பாம்புக்கு வெளிச்சமே வேண்டாம். உதட்டோரக் குழிகளால் கோழியின் உடல் சூட்டை உணர்ந்தே வந்து சேர்ந்துவிடும்.

கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தி வைக்கும், மூசாங்கை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்க வைத்து மேலே மண் போடுங்கள், தோண்டுகிற பிராணி அங்கேயே நின்றுவிடும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை மறக்காதீர்கள், மூசாங் ஏறுவதில் கில்லாடி. கதவுக்கு வெறும் கொக்கி போதாது. குரங்கே திறந்துவிடும். பூட்டுப் போடுங்கள்.

காலையில் கூண்டுக்குள் மலைப்பாம்பு சுருண்டிருந்தால் பாராங் கத்தியைத் தூக்காதீர்கள். கோழியை விழுங்கியதால் வயிறு புடைத்து, வந்த ஓட்டை வழியாகத் திரும்பிப் போக முடியாமல் கிடக்கும். அது 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிட்டால் வந்து பிடித்துப் போவார்கள். அவர்கள் போன பிறகு அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடையுங்கள். இல்லாவிட்டால் அடுத்தது வரும்.

செராமா சேவல் காவலுக்கு ஆகுமா?

அரைக் கிலோகூட எடை இல்லாத கிளந்தான் அழகன். நெஞ்சை நிமிர்த்தி நடப்பதைப் பார்த்தால் யானையையே மறிப்பான் போலிருக்கும். அவனுக்குத்தான் காவல் போட வேண்டும்.

குஞ்சுகளைக் காக்கை தூக்குகிறது. சேவல் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு எதற்குத் தீனி போட வேண்டும்?
*(சுங்கை பாக்காப் வாசகி)*

குஞ்சு விஷயத்தில் சேவலை நம்பாதீர்கள் அக்கா. அது தாய்க்கோழியின் வேலை. குஞ்சு வைத்திருக்கும் தாய் இறகை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தால் நாய்கூட ஒரு நிமிஷம் யோசிக்கும். என் புறங்கையில் இன்னும் அந்தக் கொத்தின் தழும்பு இருக்கிறது. இருந்தாலும் எட்டுக் குஞ்சை ஒரே தாய் எத்தனை பக்கம் பார்க்கும்? முதல் ஐந்து வாரம் மேலே வலை போட்ட அடைப்புக்குள் தாயோடு வையுங்கள்.

ஆயர் ஈத்தாமில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. ஆறு பெட்டைகள் இருக்கின்றன. பூனைத் தொல்லைக்காக ஒரு சேவல் வாங்க நினைக்கிறேன். இரண்டு சேவலாக வாங்கினால் இன்னும் நல்லதா? வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான்.

ஒன்றுகூட வேண்டாம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, பெட்டை தன் பாட்டுக்கு இடும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கணக்கு. ஆறுக்கு இரண்டு விட்டால் சேவல்கள் ஒன்றையொன்று கிழிக்கும். மிதி வாங்கி வாங்கிப் பெட்டைகளின் முதுகில் இறகே மிஞ்சாது.

சத்தம் வேறு. சேவல் சூரியனைப் பார்த்துக் கூவுவதில்லை. அதன் உடம்புக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது என்று 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மங்கிய வெளிச்சத்திலேயே வைத்திருந்தும் வேளை தவறாமல் கூவியதாம். பினாங்கில் விடிவது ஏழு மணி வாக்கில், உங்கள் சேவல் ஐந்துக்கே ஆரம்பித்துவிடும். சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? மாநகர் கழகத்துக்குப் புகார் போனால் பெட்டைகளுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேல் பேரன். காவலில் கெட்டியான சேவல்தான் ஆள்மீதும் பாயும். சேவலின் கால் முள் நமக்கு முழங்காலில் படும், மூன்று வயதுப் பிள்ளைக்கு முகத்தில். பூனைக்கு அடைப்பின் மேலே வலை போதும். மாலை இருட்டுவதற்குள் பெட்டைகள் தாமாகவே கூண்டேறிவிடும். எண்ணிப் பாருங்கள், ஆறு இருந்தால் பூட்டுங்கள். ஐந்துதான் இருந்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் செடிகளுக்கு அடியில் தேடுங்கள். திருட்டுத்தனமாக அடை உட்கார்ந்திருக்கவும் கூடும்.