அண்ணாச்சி, மகள் பைலட் வேலை கேட்கவில்லை

அண்ணாச்சி, போன வாரம் தோவாளையிலிருந்து மகளைக் கூட்டி வந்தீர்கள். "பைலட் படிப்புக்கு அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன் சார்" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டீர்கள். அவள் ஆசை தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை மேல். அவள் சொல்ல வந்ததை நீங்கள் முழுதாகக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிச்சிப்பூ விலை பேச நீங்கள் போனோடு வெளியே போனபோது, பிள்ளை என் மேஜையில் கிடந்த பேப்பரில் இரண்டு கோடு போட்டாள். ஒன்று படிக்கட்டு மாதிரி, இன்னொன்று ஒரே சரிவு. "விமானம் படிப்படியாக இறங்கினால் ஒவ்வொரு படியிலும் உயரம் குறையாமல் பறக்க எஞ்சினைக் கூட்டணும். சரிவாக வந்தால் அது வேண்டாம் சார்" என்றாள். சரியாகச் சொன்னாள். கோதையாறு மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பதில்லையே, அதே கணக்குதான்.

அப்படி ஒரே சரிவாக வரும்போது எஞ்சின் கிட்டத்தட்ட சும்மா சுற்றும். ஒரு கிலோ எரிபொருள் மிச்சமானால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு குறையும். விமானம் கூடுதல் நேரம் உயரத்திலேயே இருப்பதால் கீழே வீடுகளுக்குச் சத்தமும் குறைவு. ஓடுபாதையை ஒட்டிய கடைசிச் சில கிலோமீட்டரில் மட்டும் பெரிய வித்தியாசம் இருக்காது. எப்படி வந்தாலும் அங்கே பெரும்பாலும் 3 டிகிரி சரிவுதான்.

இதில் பைலட் பங்கு பாதி. ஆயிரம் அடி இறங்கச் சுமார் 3 கடல் மைல் வேண்டும். 35,000 அடி என்றால் 105 கடல் மைல், ஏறக்குறைய 195 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருவனந்தபுரம் வரும் விமானம் மதுரைப் பக்கமே இறங்கத் தொடங்க வேண்டும். இன்னும் எத்தனை மைல் பறக்க வேண்டியிருக்கும் என்று அப்போதே பைலட்டுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்பவர் தரையில் ரேடார் திரை முன் உட்கார்ந்திருக்கும் ஏர் டிராஃபிக் கண்ட்ரோலர். நெரிசலில் இடைவெளி காக்க அவர் 'அதே உயரத்தில் வாருங்கள்' என்றால் சரிவு மறுபடி படிக்கட்டாகிவிடும். பிள்ளைக்கு ஆசை அந்த நாற்காலி மேல்.

அதற்கு லட்சக்கணக்கில் செலவு இல்லை. இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. போதும், நாகர்கோவில் கல்லூரிகளிலேயே படிக்கலாம். அப்புறம் இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் தேர்வு, குரல் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. தேர்வானால் பயிற்சியை ஆணையமே தரும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. போட்டி கடுமை, அறிவிப்பு வருஷா வருஷம் வரும் என்று நம்பி உட்காரவும் முடியாது. அதனால் எம்.எஸ்சி., பி.எட். வழியையும் திறந்தே வையுங்கள். வேலை கிடைத்தால் ராத்திரி ஷிப்ட் உண்டு, வடக்கேயும் போஸ்டிங் போடுவார்கள். இதை இப்போதே மகளிடம் பேசிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'ஏர்போர்ட் கோர்ஸ்' என்று ஆறு மாத டிப்ளமோவுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து இந்தத் தேர்வு எழுத முடியாது.

இதற்குப் பதிலாக நர்சிங்கில் சேர்க்கலாமே என்று தோன்றலாம். நர்சிங் நல்ல படிப்புதான், நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கிவிட்டிருக்கிறது. ஆனால் இவள் மனசு அதில் இல்லை.

குரல் தேர்வுக்கு இங்கிலீஷ் தடுமாறாமல் வர வேண்டும். தினமும் பத்து நிமிஷம் இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் போனைத் தள்ளி வைத்துவிட்டு நீங்கள் எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.