வால்பாறையில் தேயிலை பச்சையாகத்தானே இருக்கிறது, சிறுத்தைப்பூனைக்கு என்ன ஆபத்து?

சிறுத்தைப்பூனை என்பது மழைக்காட்டிலும் வாழும், உடம்பெல்லாம் கரும்புள்ளி போட்ட சின்னக் காட்டுப்பூனை. காதின் பின்புறம் வெள்ளைப் பொட்டு இருக்கும். எலிதான் முக்கிய இரை.

தேயிலை பச்சைதான், ஆனால் காடல்ல. மரப்பொந்தும் அடர்ந்த புதரும் அங்கே குறைவு. ஆனைமலையில் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருப்பது துண்டுத் துண்டுச் சோலைகள். இரவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகிறது. கடக்காமலே இருந்தால் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம். நம் கொங்குப் பக்கம் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுக்க மாட்டோம் அல்லவா? துண்டுக்காட்டுப் பூனைக்கு வேறு கூட்டமே கண்ணில் படாது! அதனால்தான் ஓடையோரம் நாட்டுமரங்களை நட்டு, துண்டுகளை இணைப்பது அவ்வளவு முக்கியம். இரவில் மலைரோட்டில் தயவுசெய்து மெதுவாகப் போங்கள்.

பலர் நினைப்பதுபோல் இது சிறுத்தைக்குட்டி அல்ல. முழுதாக வளர்ந்தாலும் வீட்டுப்பூனை அளவுதான்.