மோட்சார்ட்டின் 'ஆவே வேரும் கோர்புஸ்' என்ற லத்தீன் பக்திப் பாடல் ஏன் இவ்வளவு சின்னது?

46 தாளக்கட்டுகள்தான், மூன்றே சொச்சம் நிமிடம். காரணம் எளிது: வியன்னாவை அடுத்த பாடன் ஊர்க் கோவிலில் பாடகர் குழுவை நடத்திய நண்பர் அன்டோன் ஷ்டோலுக்காக, கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை ஒட்டி, 1791 ஜூனில் எழுதியது. சிறிய ஊர்க் குழுவும் பாடக்கூடிய நான்கு குரல்கள், கம்பி வாத்தியங்கள், ஆர்கன், அவ்வளவே.

ஆனால் எளிமை என்று ஏமாந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் 'தாழ்ந்த குரலில்' என்று ஒரே குறிப்பு. கிறிஸ்துவின் விலாவில் குத்தப்பட்டதைச் சொல்லும் இடத்தில் சுருதி மெல்ல வேறு பக்கம் திரும்பும். அப்புறம், 'சாவின் சோதனையில் எங்களுக்கு முன்சுவையாக இரும்' என்ற கடைசி வேண்டுதலில் பெண்குரல்கள் முன்னே போக, ஆண்குரல்கள் அதே மெட்டைத் தொடர்ந்து வரும். எனக்கு உடல் சிலிர்ப்பது அங்கேதான். அதே ஆண்டு டிசம்பரில் மோட்சார்ட் இறந்துபோனார்.