டாக்டர்கிட்ட கேளுங்க: தம்பிக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம், சொந்த ஊர் தென்காசி. தம்பிக்கு 27 வயசு, போன வருஷம் பைக்ல இருந்து விழுந்து மண்டைக்குள்ள ரத்தம் கட்டி ஆபரேஷன் பண்ணாங்க. உசுரு பொழச்சுட்டான், ஆனா வலது கை தூக்க வரல, காலை இழுத்துதான் நடக்கான், பேச்சும் குழறுது. இங்க ஒரு கிளினிக்ல, அவன் இடுப்பெலும்புல இருந்தே ஸ்டெம் செல் எடுத்து மூணு தடவை முதுகுல ஊசியா போட்டா சரியாயிடும், ஜப்பான்ல கவர்மென்டே ஓகே பண்ணிருச்சுன்னு சொல்லி 6 லட்சம் கேக்காங்க. அப்பா ஊர் வயலை வித்துரலாம்னு நிக்காரு. போடலாமா? (பெயர் வேண்டாம், தாராவி)

பதில்: முதல்ல வயல் விக்கிறத நிறுத்தச் சொல்லுங்கம்மா, மீதிய அப்புறம் பேசுவோம்.

ஸ்டெம் செல்னா, வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல். ஜப்பான் சேதி பொய் இல்ல. 2024 ஜூலைல சான்பயோங்கிற கம்பெனியோட அக்குகோ மருந்துக்கு, தலையில அடிபட்டு கை கால் வராம போனவங்களுக்குன்னு அனுமதி கொடுத்தாங்க. ஆனா அது நிபந்தனையோட, காலக்கெடு வச்சு கொடுத்த அனுமதி, அப்பவே உடனே விக்கவும் விடல, தயாரிச்சு வர்ற செல்லும் ட்ரையல்ல, அதாவது ஆளுங்களுக்குப் போட்டுப் பாத்த சோதனைல, போட்ட செல்லும் ஒண்ணுதான்னு முதல்ல காமிங்கன்னுட்டாங்க. கிளினிக்காரங்க சொல்லாம விட்ட விஷயம் என்னன்னா, அந்த செல் வேற ஒரு ஆரோக்கியமான ஆளோட எலும்பு மஜ்ஜைல இருந்து எடுத்து லேப்ல மாத்தி வளத்தது, அதை மண்டை ஓட்டுல சின்னதா ஓட்டை போட்டு காயத்தை சுத்தி மூளைக்குள்ளயே நேரா வைக்கிறாங்க. உங்க தம்பிக்கு போடறேன்னு சொல்றது அவரோட மஜ்ஜைய, அதுவும் முதுகுல. ஜப்பான் மருந்தோட பேரை வச்சு அதை விக்கிறாங்க, அவ்ளோதான்.

அந்த ஜப்பான் மருந்தோட ட்ரையலையே பாருங்க. 61 பேர், 46 பேருக்கு செல் வச்சாங்க, 15 பேருக்கு ஓட்டை போடற மாதிரி மட்டும் செஞ்சுட்டு விட்டாங்க, யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. கை கால் அசைவுக்கு 100 மார்க்னு ஒரு கணக்கு, 6 மாசத்துல செல் வச்சவங்களுக்கு சராசரியா 8 சொச்சம் ஏறிச்சு, மத்தவங்களுக்கு 2 சொச்சம். நல்ல சேதிதான், நான் மட்டம் தட்டல. ஆனா 8 மார்க் எங்க, 'சரியாயிடும்' எங்க?

சொந்த மஜ்ஜை செல்லை அமெரிக்காவுல ஹூஸ்டன்ல குழந்தைங்களுக்கு போட்டு பாத்தாங்க, ரத்தக்குழாய் வழியா, ஆனா அடிபட்ட ரெண்டு நாளுக்குள்ள. ஒரு வருஷம் ஆன காயத்துக்கு அது பொருந்தாது. இன்னொன்னு, இந்த செல்லெல்லாம் புது நரம்பா முளைச்சிடும்னு நினைக்காதீங்க. சுத்தி இருக்கிற திசுவுக்கு தெம்பு குடுக்கிற சில பொருளை விட்டுட்டு கொஞ்ச நாள்ல மறைஞ்சு போயிடும்னுதான் எலி ஆராய்ச்சில பாத்திருக்காங்க.

நம்ம நாட்டு ரூல் என்னன்னா, ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி ரத்த சம்பந்தமான சில நோய்க்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை ஏற்கனவே இருக்கு, அதைத் தாண்டி ஸ்டெம் செல் எதுன்னாலும் அனுமதி வாங்கின ட்ரையல்ல மட்டும்தான் போடணும், ஐசிஎம்ஆர்ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட 2017 வழிகாட்டுதல் அதைத்தான் சொல்லுது, அந்த ட்ரையலுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. அதனால கிளினிக்ல சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவுல நடக்கிற மருத்துவ ட்ரையல்களைப் பதியற பட்டியலோட, பதிவு நம்பர் கேளுங்க, நெட்ல அந்த நம்பரைப் போட்டா எந்த நோய்க்கு, எங்க நடக்குதுன்னு வரும். நம்பர் இல்லாம மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

போட்டாதான் என்ன, பலன் இல்லாட்டி போகுதுன்னும் இருக்க முடியாது. மாஸ்கோவுல கரு செல்லை மூளையில போட்டுக்கிட்ட இஸ்ரேல் பையனுக்கு 4 வருஷம் கழிச்சு கட்டி வந்தது, அதுல இருந்தது வேற ஆளோட செல். உங்க தம்பிக்கு சொல்றது சொந்த செல்தான், அந்த ஆபத்து அப்படியே வராது, ஆனா முதுகுல ஊசி போகும்போது கிருமி உள்ள போச்சுன்னா மூளைக்காய்ச்சல்.

செய்ய வேண்டியது இருக்கு, அது போரடிக்கிற வேலை. மகாலட்சுமி ஸ்டேஷன்ல இறங்கினா ஹாஜி அலி பக்கம் சென்ட்ரல் கவர்மென்டோட மறுவாழ்வு நிறுவனம் இருக்கு, பிசியோ, கைப்பயிற்சி, பேச்சுப்பயிற்சி மூணும் அங்கேயே. ஒரு வருஷம் ஆச்சு இனிமே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மெதுவாதான் ஏறும், ஆனா ஏற வாய்ப்பு இருக்கு. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டும் வாங்கிடுங்க, லோக்கல் ட்ரெயின்ல அந்த தனிப் பெட்டில உக்காந்து போகலாம், இந்த கூட்டத்துல அது பெரிய விஷயம். வலிப்பு மாத்திரை ஏதும் கொடுத்திருந்தா சொந்தமா நிறுத்தாதீங்க, ஆபரேஷன் பண்ண டாக்டரைக் கேட்டுட்டுதான்.